சிவப்பு நூலும் நாலு விரலும்

ஜினிக்குத் துப்பாக்கி என்றால் பயம். கரப்பான்பூச்சிக்கும் இருட்டுக்கும் பல் டாக்டருக்கும் பயப்படாதவள், ஒரு துப்பாக்கிக் குழாயைக் கண்டால் உள்ளங்கை வேர்த்துப்போவாள். புகுந்த வீட்டில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்ததே துப்பாக்கியால்தான் என்பதுதான் வேடிக்கை.

மார்த்தாண்டத்தில் கல்லூரியில் படித்த காலத்தில் அவள் என்.சி.சி.யில் இருந்தாள். முகாமில் ஒரு நாள் பிள்ளைகளைத் தார்ப்பாயில் வரிசையாகக் குப்புறப் படுக்கவைத்து, ஆளுக்கொரு ரைபிளும் ஐந்து குண்டும் கொடுத்துச் சுடச் சொன்னார்கள். ஜினி ரைபிளைத் தோளோடு அணைத்து, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, இயேசுவே இயேசுவே என்று ஐந்து தடவை விசையை இழுத்தாள். காதருகே யாரோ ஓடு ஓடாக உடைப்பதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தபோது அவளுடைய அட்டையில் ஆறு ஓட்டை இருந்தது.

"அஞ்சு குண்டுல ஆறு ஓட்டை போட்ட முதல் ஆளு நீதாம்மா" என்றார் ஹவில்தார். பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஜாஸ்மி, ஓட்டையே விழாத தன் அட்டையையும் இவளுடையதையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஓட்டையின் கதை முகாமோடு போயிற்று. போட்டோ மட்டும் மிஞ்சியது. கண்ணை மூடுவதற்கு முந்தின நொடியில் யாரோ எடுத்தது. பார்த்தால் எல்லையில் காவல் கிடக்கிற சிப்பாய்போல் இருப்பாள். கல்யாணத் தரகர் திற்பரப்புப் பக்கம் ஞானதாசன் வீட்டுக்குக் கொண்டுபோன படங்களில் அதுவும் இருந்தது. ஞானதாசனுக்கு ரப்பரும் அன்னாசியும் மரச்சீனிக் கிழங்கும் உண்டு. அவற்றைத் தின்ன வருகிற காட்டுப்பன்றிகளும் உண்டு. பன்றியை வெடிச் சத்தம் காட்டி விரட்ட, லைசன்ஸோடு ஒரு பழைய துப்பாக்கியும் உண்டு. அவர் பட்டுச்சேலைப் படங்களை ஒதுக்கிவிட்டு இந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எனக்க மகன் ஓலைப்படக்கத்துக்கே காதைப் பொத்துகவன். வீட்டுல ஒருத்தராவது பேடிக்காம, பயமில்லாம இருக்கட்டு. இந்தப் பிள்ளை போதும்" என்றாராம்.

நிச்சயம் முடிந்து இரு வீட்டாரும் கன்னியாகுமரிக்குப் போனார்கள். கடற்கரையில் பலூன் சுடுகிற கடை. மாப்பிள்ளை ஜெப்சன் காற்றுத் துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தான். "போட்டோவுல உள்ள ஆளை நேர்ல பாப்போம்."

அவள் மஞ்சள் பலூனைப் பார்த்து, கண்ணை மூடி, இழுத்தாள். பச்சைப் பலூன் வெடித்தது. "பச்சையைத்தான் பாத்தேன்" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, தானும் வாங்கிச் சுட்டான். ஒரு பலூனும் அசையவில்லை. அடுத்த குண்டு கடைக்காரன் தலைக்கு மேலிருந்த தகரத்தில் பட்டு 'டங்' என்றது. "அண்ணாச்சி, பலூன் இஞ்ச இருக்கு" என்றான் கடைக்காரன். ஜெப்சன் வெட்கப்படாமல் வாய்விட்டுச் சிரித்தான். தோற்றுப்போய்ச் சிரிக்கத் தெரிந்த ஆணை ஜினி அன்றைக்குத்தான் பார்த்தாள். அந்தச் சிரிப்பில் அவள் மனம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

கல்யாணம் கழிந்து மறுவீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் ஞானதாசன் மருமகளை முற்றத்துக்கு அழைத்தார். அவள் உயரத்துக்கு வருகிற நீளக் குழாய்த் துப்பாக்கி. தோட்டா போடுகிற வகை அல்ல. வாய் வழியாகக் கறுப்பு மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்து இடித்து, ஈயச்சில்லைப் போட்டு, மறுபடியும் தும்பு வைத்து இடிகம்பியால் இடிக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரு சிறிய முலை. அதன்மேல் கேப்பு என்கிற செம்புத் தொப்பி. குதிரை என்று அவர்கள் சொல்லும் வளைந்த இரும்பு வந்து கேப்பில் அடித்தால் நெருப்பு உள்ளே போகும்.

"இந்தக் கம்பியைப் பாத்தியா மக்களே? ரெண்டு நூல் கட்டியிருக்கேன். உள்ள விட்டா, கறுப்பு நூல் குழாய் வாயில நின்னா துப்பாக்கி காலி. செவப்பு நூல் நின்னா ஒரு கெட்டு, ஒரு வெடிக்குள்ள மருந்து இருக்கு" என்று ஞானதாசன் சொல்லிக்கொடுத்தார். ஜினி தலையாட்டினாள். பயந்திருக்கிற மனசுக்கு ஒரு குணம் உண்டு. அது எதையும் மறப்பதில்லை. அந்த நூல்களின் நிறம், குதிரையின் மூக்கில் இருந்த குழிவு, மாமனாரின் விரல் நகத்தில் ஒட்டியிருந்த மருந்துத் தூள் எல்லாம் அவளுக்குள் அப்படியே பதிந்தன.

அன்றும் கண்ணை மூடித்தான் வெடித்தாள். யாரோ தோளில் உலக்கையால் குத்தியதுபோல் இருந்தது. முற்றம் முழுக்க வெள்ளைப் புகை, அழுகின முட்டை நாற்றம், காதுக்குள் 'கொய்' என்று ஒரு வண்டு. சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். தோளில் கன்றிப்போன இடத்தில் ஜெப்சன் தைலம் தடவிவிட்டபோது அவள் அழுதாள். நோவு என்று சொல்லிவிட்டாள். இரண்டு வாரத்தில் அவன் மஸ்கட்டுக்குத் திரும்பினான். அங்கே அவனுக்குக் கிரேன் ஓட்டுகிற வேலை. உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கண்ணையும் இரண்டு கையையும் நம்பிச் செய்கிற வேலை.

பத்து மாதம் கழித்து அவன் லீவில் வந்திருந்தபோதுதான் இது நடந்தது.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் லைசன்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்த பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஸ்டேஷன் ரைட்டர் போன் செய்தார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்திருங்க அண்ணாச்சி. உள்ள மருந்து கிடந்தா வெடிச்சுத் தீத்துட்டுக் கொண்டு வாங்க. போன தடவை ஒருத்தர் நிறைச்சதைக் கொண்டு சாத்தி வச்சிட்டுப் போயிட்டாரு."

எதற்கும் ஒரு வெடி வெடித்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஞானதாசனே சொன்னார். ஆனால் அவர் கண் ஆப்பரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, குனியக்கூடாது, தும்மக்கூடாது, தலை அதிரக்கூடாது என்ற கட்டளையில் இருந்தார்.

"அதுக்கென்ன, நம்ம ஜினி இருக்காள்லா" என்றார். "லைசன்ஸ்காரன் நான் பக்கத்துல இருப்பேன். அவ வெடிக்கட்டு."

மாமியார் ஜெபகனி கிண்ணத்தில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, "பெண்ணுக்கு என்னத்துக்கு இந்த வேலை" என்று முணுமுணுத்தாள். ஜெப்சன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"அவ வேண்டாம். நான் வெடிக்கேன்."

"நீயா?" என்றார் ஞானதாசன். "குக்கர் விசில் அடிச்சா எழும்பி ஓடுகவன் நீ."

ஜெப்சன் எழுந்து கைகழுவப் போய்விட்டான். அறைக்குள் வந்த பிறகும், "நாளைக்கு நீ தலைவலின்னு சொல்லு" என்றான். தன் பயம் அவனுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் சொல்கிறான் என்று ஜினி நினைத்தாள். தெரிந்துவிட்டதே என்று கூசியது. கூச்சத்தில், "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு விடியும்வரை தூங்கவில்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் வீட்டுக்குக் கீழே, ரப்பர் தோட்டம் முடிகிற இடத்துக்குப் போனார்கள். மண் வெட்டி எடுத்ததில் அங்கே ஒரு செம்மண் சுவர் நின்றது. அதைப் பார்த்து வெடித்தால் யாருக்கும் ஆபத்தில்லை. ஞானதாசன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெபகனி அவருக்குக் குடை பிடித்தாள். ஜெப்சன் துப்பாக்கியைத் தூக்கிவந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"கம்பி விட்டுப் பாரு" என்றார் ஞானதாசன்.

"மருந்து இருக்கு அப்பா. பாக்காண்டாம்" என்றான் ஜெப்சன் அவசரமாக.

"அப்போ கேப்பு போட்டு அவ கையில குடு."

ஜினி வாங்கினாள். அதே கனம், அதே எண்ணெய் மணம். கன்றிப்போய் ஆறின தோள் பழையதை நினைத்து முன்கூட்டியே நொந்தது. தூரத்தில் அருவியின் இரைச்சல் கேட்டது. ரோட்டில் ஏதோ ஒரு சுற்றுலா வேன் பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று. உலகத்தில் யாரோ குளிக்கப் போகிறார்கள், தான் இங்கே நிற்கிறோம் என்று நினைத்தாள். குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்தினாள். கண்ணை மூடினாள். இயேசுவே.

'டிக்.'

அவ்வளவுதான். சத்தம் வரவில்லை. அந்த மௌனம் சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

"அசையாத மக்களே" என்றார் ஞானதாசன். குரலில் கிண்டல் போயிருந்தது. "சுவரைப் பாத்து அப்படியே பிடி. சிலது வைகி, பொறுத்துத்தான் வெடிக்கும்."

ஜினி பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் குழாய்க்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டு, வெளியே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. முதுகில் வேர்வை புழுப்போல் இறங்கியது. இப்போது, இப்போது என்று ஒவ்வொரு மூச்சுக்கும் எதிர்பார்த்தாள். கழுத்தில் ஒரு எறும்பு ஏறியது. அதைத் தட்டக்கூட அவளுக்குக் கை இல்லை.

நெடுநேரம் கழித்து, "சரி, இனி தாழ்த்து" என்றார் மாமனார்.

ஜெப்சன் ஓடிவந்து வாங்கிக்கொண்டான். "இனி நான். நீ தள்ளி நில்லு" என்றான். இந்தத் தடவை யாரும் அவனைத் தடுக்கவில்லை. ஜினிக்கு உடம்பெல்லாம் லேசானது. லேசானதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"முலையில அழுக்கு அடைச்சிருக்கும்" என்று ஞானதாசன் நாற்காலியில் இருந்தபடி சொன்னார். "எடியே, ஒரு ஊக்கு குடு. லேய், ஓட்டையைக் குத்தி விடு. ரெண்டு மணி மருந்து அதுல வச்சு புது கேப்பு போடு. அப்போ பிடிக்காம இருக்காது. கம்பி விட்டு ஒருக்கா நல்லா இடிச்சும் விடு, தளந்திருக்கும்."

ஜெபகனி தன் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பா சொன்னதெல்லாம் ஜெப்சன் செய்தான். கம்பியை விட்டு இடித்தான். உருவி ஜினியின் கையில் கொடுத்தான். பிறகு, அப்பாவுக்குக் கண் துடைக்க வைத்திருந்த பஞ்சில் கொஞ்சம் பிய்த்து உருட்டி, இரண்டு காதிலும் திணித்துக்கொண்டான்.

"பாரு எனக்க சிங்கத்தை" என்றார் ஞானதாசன்.

ஜெபகனி சிரித்தாள். ஜினியும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. எதையோ பார்த்துவிட்டோம், ஆனால் பார்த்தது என்ன என்று இன்னும் தெரியவில்லை என்பதுபோல் மனசுக்குள் ஒரு முள் நின்றது.

சிவப்பு நூல்.

கம்பி உள்ளே நின்றபோது சிவப்பு நூல் குழாய் வாயில் இல்லை. அதற்கு மேலே, நாலு விரல் உயரத்தில், காற்றில் நின்றது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தன் கண்ணைத் தானே நம்பாமல் அவள் கையில் இருந்த கம்பியைப் பார்த்தாள். நூல் நழுவியிருக்குமோ என்று இழுத்துப் பார்த்தாள். கம்பியில் காடி வெட்டி, அரக்கு வைத்துக் கட்டிய நூல். அசையவில்லை. கம்பியின் நுனியில் ஏதோ ஒட்டியிருந்தது. கசங்கிய கடுதாசித் துண்டு. அதில் பாதி எழுத்து தெரிந்தது. செய்தித்தாள்.

"மாமா" என்றாள். அவர் திரும்பியதும் கேட்டாள். "மாமா, நீங்க இதுல கடுதாசி வச்சா அடைச்சீங்க?"

"கடுதாசியா? சீ. கடுதாசி தீப்பிடிச்சுப் பறந்து தோட்டத்தைக் கொளுத்திரும். எனக்குத் தும்புதான்."

அப்படியென்றால் வேறு யாரோ கெட்டித்திருக்கிறார்கள். தும்புக்கு மேலே. ஒரு கெட்டுக்கு மேலே இன்னொரு கெட்டு. நெருப்புப் பட்டால் குழாயே வெடித்துச் சிதறும்.

ஜெப்சன் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றியிருந்தான். அவனுடைய கன்னம் கட்டையில் அழுந்தியிருந்தது. அவனுடைய கண்ணுக்கும் அந்தக் குழாயின் அடிப்பக்கத்துக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. குதிரை பின்னால் ஏறி நின்றது.

"அத்தான், வெடிக்காண்டாம்" என்று கத்தினாள்.

அவன் திரும்பவில்லை. காதில் பஞ்சு.

"அத்தான்."

விரல் விசைக்குப் போயிற்று. அந்த விரல் அவளுக்குத் தெரியும். சோறு பிசைகிற விரல், தைலம் தடவிய விரல். தள்ளிவிட்டால் துப்பாக்கி எங்கே திரும்பும், பின்னால் இழுத்தால் விரல் விசையில் மாட்டுமோ என்றெல்லாம் யோசிக்க நேரம் இல்லை. மறுவீட்டன்று பயத்தோடு பயமாக மனசில் பதிந்த குதிரையின் மூக்கு ஒன்றுதான் தெரிந்தது. அது வந்து விழுகிற இடமும் தெரிந்தது. ஜினி கம்பியை எறிந்துவிட்டுப் பாய்ந்து, வலது கையைக் குதிரைக்கும் கேப்புக்கும் நடுவில் நுழைத்தாள்.

குதிரை விழுந்தது.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையில் விழுந்தது. அவளுக்கு நோவு உடனே தெரியவில்லை. இரும்பு கடித்துப் பிடித்திருக்கிற தன் கையைத்தான் பார்த்தாள். விழித்த கண் விழித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். வெடிக்கவில்லை. கை அங்கேயே இருந்தது. அவன் முகமும் அங்கேயே இருந்தது.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா?" என்று ஜெப்சன் அலறினான். காதில் பஞ்சோடு பேசியதால் சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது.

ஜினி இடது கையால் அவன் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினாள். "ரெண்டு கெட்டு" என்றாள். "உள்ள ரெண்டு கெட்டு கிடக்கு."

ஜெபகனி குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். குதிரையைப் பைய இழுத்துக் கையை எடுத்தார்கள். சதை கிழிந்து ரத்தம் வந்தது. ஜெப்சன் கேப்பைப் பிடுங்கி எறிந்தான். துப்பாக்கியை மண் சுவரைப் பார்த்துத் தரையில் கிடத்தினான். ஞானதாசன் நாற்காலியை விட்டு எழுந்து, கறுப்புக் கண்ணாடியோடு தடுமாறி நின்றார்.

"யாரு சொன்னா ரெண்டு கெட்டுன்னு?"

"செவப்பு நூல் நாலு விரல் மேல நின்னுது மாமா. கம்பியில கடுதாசி இருக்கு."

"நான் சனிக்கிழமை ஒரு கெட்டு கெட்டிச்சேன். பன்னி வரல்ல. அப்படியே வச்சேன். திங்கக்கிழமை கண்ணுக்குப் போயாச்சு. நடுவுல யாரு தொட்டா?"

நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை ஞானதாசன் கர்த்தருடைய நாளென்று கத்திகூட எடுக்கமாட்டார். பன்றி மரச்சீனியை முழுக்கத் தோண்டிப் போட்டாலும் துப்பாக்கியைத் தொடமாட்டார். அது சர்ச் இடவக மக்கள் எல்லோருக்கும் தெரிந்த சேதி.

"நான்தான் அப்பா" என்றான் ஜெப்சன். அவன் ஜினியின் கையைத் தன் வேட்டித் தும்பால் அழுத்திப் பிடித்திருந்தான். "அன்னைக்கு இருட்டினதும் பன்னி வந்துது. நீங்க எடுக்கமாட்டீங்க. நான் கெட்டிச்சேன். தும்பு காணல்ல, பேப்பரைக் கிழிச்சு வச்சேன். உள்ள ஏற்கெனவே கிடக்கும்னு நினைக்கல்ல. இழுத்தப்போ கேப்பு மட்டும்தான் அடிச்சுது. பேடிச்சு, கொண்டு வச்சிட்டேன்."

ஞானதாசன் மகன் குரல் வந்த பக்கம் திரும்பினார். கறுப்புக் கண்ணாடிக்குள் அவருடைய கண் தெரியாததால் அவர் என்ன நினைக்கிறார் என்பதும் தெரியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமையா?" என்றார் கடைசியில்.

அவ்வளவு நேரமும் வாயைத் திறக்காத ஜெபகனிக்கு அப்போது வந்ததே கோபம். "ஆமா, ஞாயிற்றுக்கிழமைதான். ஒருத்தன் சனிக்கிழமை கெட்டிச்சதைச் சொல்லல்ல. ஒருத்தன் ஞாயித்துக்கிழமை கெட்டிச்சதைச் சொல்லல்ல. செவ்வாய்க்கிழமை நான் எனக்க பிள்ளைக்க முகத்தைத் துணியில பொறுக்கியிருப்பேன். இப்பம் கிழமைதான் பெரிசு. சும்மா இருங்க."

ஞானதாசன் சும்மா இருந்தார். பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். முலை வழியாக ஒழுகி வருகிறவரை குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டார்கள். கம்பியின் மறுமுனையில் திருகு இருந்தது. ஞானதாசன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, குனியாமல், கைத்தடவலிலேயே அதை உள்ளே விட்டுத் திருகி இழுத்தார். ஜெபகனி ஒரு கமுகம்பாளையைப் பக்கத்தில் வைத்தாள். முதலில் செய்தித்தாள் வந்தது. சில்லு வந்தது. மறுபடியும் செய்தித்தாள். பிறகு கறுப்பாகக் குழைந்த மருந்து, ஜெப்சன் அளக்காமல் கண்மதிப்பில் அள்ளிப் போட்டது, ஒரு கைப்பிடிக்கு மேல் வந்தது. அதற்குப் பிறகு தேங்காய்த் தும்பு. சில்லு. தும்பு. அளந்து போட்ட மருந்து.

பாளை நிறைந்துவிட்டது. ஞானதாசன் விரலால் அந்தக் குவியலைத் தடவித் தடவிப் பார்த்தார். கை நின்றது. "இம்புட்டு" என்றார்.

மருந்துக்கடையில் கட்டுப் போட்டுவிட்டு, மூன்று பேருமாக ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் ஞானதாசன், துணி சுற்றிய துப்பாக்கியை முட்டுக்காலுக்கு நடுவில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. பின்னால் அவர்கள் இருவரும். ஜெப்சன் அவளுடைய கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, சிட்டுக்குருவியைப் பிடித்ததுபோல் பிடித்திருந்தான்.

"உனக்கு வேற ஒண்ணும் தோணல்லியா? கையைக் கொண்டா வைப்பாங்க?"

"கூப்பிட்டேன். கேக்கல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நேத்து நான் சொல்லியிருக்கணும். நான் அரைகுறையா கெட்டிச்சதை நீ வெடிக்காண்டாம்னுதான் நானே வெடிக்க நினைச்சேன். அப்பாக்கிட்ட ஞாயித்துக்கிழமைன்னு சொல்லப் பேடி."

ஆட்டோ ஒரு வளைவில் திரும்பியது. ஜினி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குத் துப்பாக்கின்னாலே பேடி. முகாம்ல கண்ணை மூடிட்டுத்தான் சுட்டேன். மறுவீட்டன்னைக்கும் அப்படித்தான்."

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"பலூன் கடையில நான் பலூனையா பாத்துட்டு நின்னேன்? நீ கண்ணை மூடினது எனக்கும் தெரியும், அந்தக் கடைக்காரனுக்கும் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்கு மூடல்ல. பாத்தேன்" என்றான்.

முன் சீட்டிலிருந்து ஞானதாசன் தொண்டையைச் செருமினார். ஆட்டோ சத்தத்தில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது.

ஸ்டேஷனில் ரைட்டர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். "மருந்து ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?"

முப்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு ஞானதாசன் சொல்கிற பதில் ஒன்றுதான். நான் சொன்னா போதாதா என்பார். இன்று அவர் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடியை மருமகள் நின்ற பக்கமாகத் திருப்பினார்.

"அவ பாத்துச் சொல்லுவா. எனக்குக் கண்ணு தெரியல்ல" என்றார். பிறகு, "அவளுக்குப் பேடி உண்டு. அதனால சரியா பாப்பா" என்றார்.

ஜினி இடது கையால் கம்பியை எடுத்தாள். ஜெப்சன் குழாயைப் பிடித்துக்கொண்டான். கம்பி உள்ளே இறங்கியது. இறங்கிக்கொண்டே போயிற்று. சிவப்பு நூல் உள்ளே போய் மறைந்தது. அடியில் இரும்பும் இரும்பும் முட்டுகிற சத்தம் கேட்டது. கறுப்பு நூல் குழாய் வாயில், வைத்துத் தைத்ததுபோல் வந்து நின்றது.

"காலி" என்றாள்.

ரைட்டர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரும்பு அலமாரி மூடுகிற சத்தம் 'டப்' என்று கேட்டது. காலையிலிருந்து கேட்டதில் அது மிகச் சின்னச் சத்தம். அதற்குத்தான் ஜினியின் கால் விட்டுப்போயிற்று. முழங்கால், தோள், பல் எல்லாம் தனித்தனியாக நடுங்கின. ஜெப்சன் போலீஸ்காரர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்து, பெஞ்சில் உட்காரவைத்தான்.

"இப்பம் எதுக்கு? அதான் கழிஞ்சுதே" என்றான்.

"இப்பம்தான் பேடிக்க நேரம் கிடைச்சிருக்கு" என்றாள் ஜினி. நடுக்கம் நிற்கிறவரை அவன் கையை விடவில்லை.